அனுமதி எடுத்துப் போட்ட கொங்கிறீட்

கல்லடியில் வாவிப் பக்கமாக இறங்குகிற அந்த ஒழுங்கையில் கிளோட்டின் வீட்டுக்கு மட்டும்தான் ஒழுங்கான வாசல் இல்லை. றோட்டுக்கும் கேற்றுக்கும் நடுவே மழைத்தண்ணீர் வாவிக்குப் போகிற கான் ஓடியது. கானுக்குக் குறுக்கே இரண்டு தென்னங்குற்றிகளைப் போட்டிருந்தார். சைக்கிளை உருட்டலாம், ஆள் நடக்கலாம். மழை நாளில் அவர் மனைவி றீட்டா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டபடி அதைக் கடப்பாள்.

மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் எப்போதோ கானை மூடிக் கொங்கிறீட் போட்டுவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். சிலர் மூடியதற்கு மேல் குரோட்டன் நட்டார்கள், சிலர் உடுப்புத் தோய்க்கக் கல் வைத்தார்கள். பக்கத்து வீட்டு நல்லரத்தினம், சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கானுக்கு மேலேயே தூண் நிறுத்தித் தகரம் போட்டு கார் விடுவதற்கு ஒரு கொட்டில் கட்டியிருந்தார். அவரிடம் கார் இல்லை. ஒரு ஸ்கூட்டர் இருந்தது. "கார் பிறகு வரும், இடம் முதல் இரிக்கோணும்" என்பார்.

கிளோட் மட்டும் போடாமல் இருந்ததற்குக் காரணம் வசதியின்மை அல்ல. அவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவர். டிரைவரின் வாயில் பாதி வடை இருந்தாலும் பஸ் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று நின்ற மனிதர். அதனால் டிப்போவில் அவருக்குச் சினேகிதர் குறைவு. கான் மாநகர சபையின் சொத்து, சபையைக் கேட்காமல் அதில் கை வைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. சபையைப் போய்க் கேட்க அவருக்கு இதுவரை ஓர் அவசரம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அவசரம் மெல்பேணிலிருந்து வந்தது. மகள் பியோனா தொலைபேசியில் சொன்னாள்: "டடா, நத்தாருக்கு வாறம். நாலு பேரும். கொழும்பில வேன் பிடிச்சு நேர வீட்டடிக்கு வருவம். வேன் உள்ளுக்க வரும்தானே?"

கிறிஸ்மஸுக்கு இரட்டைப் பிள்ளைகளோடு வருகிறாள். பேரப்பிள்ளைகளை அவர்கள் இதுவரை கண்ணாடித் திரையில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

"வரும், வரும்" என்றார் கிளோட்.

தொலைபேசியை வைத்ததும் றீட்டா சொன்னாள்: "நாளைக்கே மேசனைக் கூட்டி வாங்க. பலகை அடிச்சு, கம்பி கட்டி, ஊத்திவிடுங்க. எல்லாரும் அப்பிடித்தானே செஞ்ச."

"நாளைக்குச் சபைக்குப் போறன்" என்றார் கிளோட்.

"மேசன் சபையிலயா இரிக்கான்?"

அவர் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார்.

சபையில் அவரைச் சந்தித்தவர் நிதுர்ஷன் என்ற இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கிளோட் தன் விசயத்தைச் சொல்லி முடித்ததும் நிதுர்ஷன் பேனையைக் கீழே வைத்தார்.

"ஐயா, கானுக்கு மேல பாதை போட அனுமதி கேட்டா வந்தயள்?"

"ஓம்."

"போட்டு முடிச்சிட்டயளா?"

"அனுமதி இல்லாம எப்பிடிப் போடுற?"

நிதுர்ஷன் எழுந்து போய் இன்னொரு கதிரையை இழுத்து வந்து கிளோட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் இப்படி ஒரு மனிதரைக் கண்டதில்லை. விதிகளை ஒவ்வொன்றாக ஆசையோடு சொன்னார். கானின் அடியையும் சரிவையும் தொடக்கூடாது. மேலே போடும் மூடி ஒரே துண்டாக இருக்கக்கூடாது. துப்பரவு செய்ய வரும்போது இரண்டு பேர் தூக்கக்கூடிய துண்டுகளாக, பிடிக்க இரும்பு வளையம் வைத்து வார்க்க வேண்டும். நடுவில் றோட்டுத் தண்ணி இறங்க ஒரு கம்பி மூடி. மணலும் கல்லும் றோட்டில் குவிக்கக்கூடாது, சொந்த வளவுக்குள் வைக்க வேண்டும். தார் மேல் சீமெந்து குழைக்கக்கூடாது. குழைத்த சட்டியைக் கானுக்குள் கழுவவும் கூடாது.

"சட்டியை எங்க கழுவுற?" என்று கிளோட் கேட்டார்.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. நிதுர்ஷன் யோசித்தார். "வளவுக்குள்ள வாழையடியில கழுவுங்க ஐயா."

"வாழை பட்டுப்போகுமே?"

"அப்ப வேலியோரம்."

இருவருக்கும் ஒருவரையொருவர் மிகவும் பிடித்துப்போயிற்று. இடத்தை வந்து பார்ப்பதாக நிதுர்ஷன் சொன்னார்.

சொன்னபடி வந்தார். ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அளவுநாடாவை எடுத்து, கிளோட்டின் வாசலில் கானின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தார். பிறகு சரிவு பார்க்க வேண்டுமென்று கான் போகிற வழியே நடந்தார். இரண்டு எட்டு வைப்பதற்குள் கான் காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் நல்லரத்தினத்தின் கொட்டில் நின்றது.

நல்லரத்தினம் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கிளோட் கொங்கிறீட் போடப்போகிற கதை அவருக்குத் தெரியும்.

"தம்பி, கிளோட் அண்ணன் கூட்டி வந்த இஞ்சினியரோ?"

"ஓம் ஐயா, அவரு கூப்பிட்டுத்தான் வந்தன். கான் இஞ்சால எங்க போகுதெண்டு பாக்கன்."

"கானா?" நல்லரத்தினம் சிரித்தார். "அதை நான் எப்பவோ முடிச்சிட்டன். இஞ்ச வாங்க, வேலையெண்டா எப்பிடி இரிக்கோணுமெண்டு காட்டுறன்." கொட்டிலுக்குள் கூட்டிப்போய்க் குதிக்காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "சும்மா மேல மூடி போட்டா ரெண்டு மாரியில இறங்கிடும். நான் அடியில செங்கல்லு, உடைஞ்ச ஓடு, பழைய கக்கூஸ் பேசின் ஒண்டு, எல்லாம் போட்டு இறுக்கி, அதுக்கு மேல கம்பி கட்டி ஊத்தின. லொறி ஏறினாலும் அசையாது."

"அப்ப தண்ணி எங்கால போற ஐயா?"

"தண்ணி தன்ட பாட்டில போகும்."

"எங்க?"

நல்லரத்தினம் கிளோட்டின் வளவைத் தாடையால் காட்டினார். "மாரிக்கு அங்கதான் கொஞ்சம் நிக்கும். அது இந்தக் கானால இல்ல தம்பி. முகத்துவாரத்தை நேரத்துக்கு வெட்டி வாவித் தண்ணியைக் கடலுக்கு விடாததால. கிளோட் அண்ணனுக்கும் சொல்லியிரிக்கன்."

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற கிளோட்டுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இருமிப் பார்த்தார். நல்லரத்தினம் கவனிக்கவில்லை. நல்லரத்தினத்தின் மனைவி புஸ்பம் தட்டில் பிளேன்ரீயோடு வந்தாள்.

"ஐயாட பேர்?" என்றார் நிதுர்ஷன்.

"நல்லரத்தினம். ஏன், உங்கட வீட்டுக்கும் இப்பிடி ஒண்டு கட்டப்போறயளோ? நான் வந்து நிண்டு கட்டுவிச்சுத் தருவன்."

"இல்ல ஐயா. நான் சபையில தொழில்நுட்ப உத்தியோகத்தர்."

புஸ்பம் தட்டை நீட்டியபடியே நின்றாள். நல்லரத்தினம் விருந்தாளிக்கு வந்த பிளேன்ரீயைத் தானே எடுத்து ஒரே மூச்சில் குடித்து, கோப்பையைத் தட்டில் வைத்தார். வாய் வெந்ததை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை ஒழுங்கையில் கிளோட்டின் கேற்றைத் தவிர எல்லாக் கேற்றிலும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பொதுக்கானை அடைத்துக் கட்டியதை மாரி தொடங்குமுன் அகற்ற வேண்டும், இல்லையென்றால் சபையே அகற்றும், பாதை தேவையானோர் விதிப்படி விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது.

ஒழுங்கை கிளோட்டோடு பேசுவதை நிறுத்தியது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை வந்தால் விதிகளை எடுத்துச் சொல்லியிருப்பார். மீன்காரன்கூட மற்ற வீடுகளில் ஹோர்ன் அடித்துவிட்டு இவர் வீட்டைச் சத்தமில்லாமல் கடந்தான். நல்லரத்தினம் வாசித்து முடித்த பேப்பரை மதிலால் நீட்டுவது வழக்கம். இப்போது அதை மடித்து மதிலின் மேல் கிளோட்டின் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, மத்தியானம் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

றீட்டாவுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. நத்தார் கேக்குக்கு கஜு, முந்திரிகை வத்தல், சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசி எல்லாவற்றையும் பொடியாக நறுக்குவது பெரிய வேலை. வருசா வருசம் புஸ்பம்தான் வந்து கூட இருந்து நறுக்குவாள். மதியம் முழுக்க இரண்டு பேரும் கதைத்துச் சிரித்து, ஊரையே நறுக்கி முடிப்பார்கள். இந்த வருசம் அவள் வரவில்லை. றீட்டா கத்தியைக் கிளோட்டின் கையில் கொடுத்தாள்.

"நறுக்குங்க."

அவர் நறுக்கினார். ஒவ்வொரு கஜுவையும் ஒரே அளவாக வெட்டப் பார்த்ததில் பொழுது பட்டது, கிண்ணம் நிறையவில்லை.

"நீங்க சட்டப்படி நடந்தது சரி" என்றாள் றீட்டா. "அந்தச் சட்டத்துக்கு இந்த ஒழுங்கைக்கு வழி தெரியாம இரிந்திச்சு. நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டி வந்துட்டயள்."

"அந்தப் பொடியன் சரிவு பாக்கத்தான் போன. நான் எவரையும் காட்டிக் குடுக்கல்ல."

"அதைத்தான் சொல்லுறன். காட்டிக் குடுத்திரிந்தாலாவது ஒரு காரணத்தோட கோவிச்சிரிப்பாங்க."

கிளோட்டின் மூடிகள் வார்க்கப்பட்டன. மணல் வளவுக்குள் இருந்தது. சட்டி வேலியோரம் கழுவப்பட்டது. வளையங்கள் பளபளத்தன. நிதுர்ஷன் வந்து ஒரு மூடியைத் தானும் மேசனுமாகத் தூக்கிப் பார்த்து, "ஐயா, இதைப் போட்டோ எடுத்து ஒஃபிசில வைக்கப்போறன்" என்றார். மற்றக் கேற்றுகளுக்குப் பின்னால் நின்று ஒழுங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளோட்டுக்கு அந்தப் பாராட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

யாரும் தாங்களாக எதையும் அகற்றவில்லை. சபை மறந்துவிடும் என்று இருந்தார்கள். கிளோட் என்ற மனிதர் இருக்கும்வரை சபைக்கு மறதி வராது என்று நல்லரத்தினம் மட்டும் சொன்னாராம். ஒருநாள் காலையில் பெக்கோ இயந்திரம் ஒழுங்கைக்குள் திரும்பியது. ஓட்டி வந்தவன் காத்தான்குடிப் பொடியன் ஷாமில்.

மற்ற வீட்டுக் கொங்கிறீட்டுகள் பப்படம்போல உடைந்தன. நல்லரத்தினத்தின் வாசலில் வேலை நின்றுவிட்டது. பெக்கோ வருகிறதென்று கேள்விப்பட்டு, தகரத்தையும் தூணையும் அவரே முதல்நாள் கழற்றியிருந்தார். ஆனால் தரை அசையவில்லை. பெக்கோவின் பல் விழுந்தது, நெருப்புப் பறந்தது, வெள்ளைக் கீறல் விழுந்தது, அவ்வளவுதான். ஷாமில் இறங்கி வந்து வேர்வையைத் துடைத்தான்.

"ஐயா, இதை ஆரு கட்டின? பாலம் போடுற கொம்பனியா?"

"நான் நிண்டு கட்டுவிச்ச" என்றார் நல்லரத்தினம். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் இளகியது.

"மாஷா அல்லாஹ், நல்ல வேலை. பாவமா இரிக்கி உடைக்க."

"உடையாது தம்பி. நான் அந்த உத்தியோகத்தருக்கும் சொன்னன். லொறி ஏறினாலும் அசையாது."

மீண்டும் அடி விழுந்தது. கூடியிருந்தவர்களில் சிலர் பெக்கோவின் பக்கம், பலர் கொங்கிறீட்டின் பக்கம். ஒவ்வொரு அடிக்கும் பிறகு நல்லரத்தினம் சுற்றியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். தன் சொத்தை உடைக்கிறார்கள் என்பதையே அவர் மறந்துபோனார். மத்தியானம் தாண்டித்தான் அது பிளந்தது. பெக்கோ கை உயர்ந்தபோது அதன் பல்லில் அந்தப் பழைய கக்கூஸ் பேசின் முழுசாகத் தொங்கியது. ஒரு கீறல்கூட இல்லை. எல்லார் தலைக்கும் மேலாக அது மெதுவாகச் சுற்றியது.

முதலில் சிரித்தது புஸ்பம்தான். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு ஒழுங்கையே சிரித்தது. நல்லரத்தினம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெக்கோ போன பிறகுதான் அடுத்த கஷ்டம் விளங்கியது. ஒழுங்கை நெடுக வாசலுக்கு வாசல் கான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பலகை போட்டு ஆட்கள் தாண்டலாம். ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் தாண்ட முடியாது. புது மூடிக்கு விண்ணப்பித்து, வார்த்து, காய்ந்து வர நாள் எடுக்கும். அதுவரை வண்டிகளை உள்ளே எடுக்க ஒரேயொரு வழிதான் இருந்தது.

முதலில் ஆட்டோக்காரரின் மனைவி வந்தாள். கிளோட்டைப் பார்க்காமல் றீட்டாவிடம் கேட்டாள்: "றீட்டாக்கா, ஆட்டோவை உங்கட வளவுக்க விடட்டா? றோட்டில விட்டாப் பயமா இரிக்கி."

"இதென்ன கேள்வி கா? விடுங்க."

அடுத்த நாளே மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், ஐஸ்கிறீம் விற்கிற ஒரு மூன்றுசில்லு, யாருடையதென்றே தெரியாத ஒரு தள்ளுவண்டி. யாரும் கிளோட்டோடு பேசவில்லை. ஆனால் வண்டிகளை விட்ட விதம் அவரைத் தூங்கவிடவில்லை. காலை வெள்ளன வேலைக்குப் போகிறவரின் சைக்கிள் உள்ளே மாட்டிக்கிடக்க, பகலெல்லாம் அசையாத லேண்ட்மாஸ்டர் கேற்றடியில் நின்றது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சுண்ணாம்பை எடுத்து வந்து வளவில் கோடு கீறினார். முதலில் போகிறவை வாசலுக்குக் கிட்ட, பிந்திப் போகிறவை மாமரத்தடியில். "இதை இஞ்ச விடுங்க, நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போறவர், முன்னுக்கு வாங்க" என்று அவர் சொல்ல, அவர்கள் "சரி" என்று சொல்லவேண்டி வந்தது. அந்தச் "சரி"யோடு பேச்சு திரும்பிவிட்டது. மீன்காரன் ஹோர்ன் அடித்தான்.

நல்லரத்தினம் மட்டும் வரவில்லை. அவருடைய ஸ்கூட்டர் வாசலுக்கு வெளியே றோட்டோரம் பொலித்தீனால் போர்த்தப்பட்டு நின்றது. பகலில் அதன் மேல் ஒரு நாய் படுத்தது. மழைத் தூறல் தொடங்கிய அன்று புஸ்பம் பொலித்தீனை உருவி எறிந்துவிட்டு ஸ்கூட்டரைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அவருக்கு ரோசம் இரிக்கி, ஸ்கூட்டருக்கு இல்ல" என்றாள். ஸ்கூட்டரை மாமரத்தடியில் விட்டுவிட்டு நேரே குசினிக்குப் போனாள். "கஜுவை ஆரு றீட்டாக்கா இப்பிடிச் சதுரம் சதுரமா வெட்டின?"

நத்தாருக்குக் கிட்ட, ஒரு பின்னேரம், பியோனாவின் வேன் ஒழுங்கைக்குள் திரும்பியது. கிளோட் கேற்றடியில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். வேன் புது மூடிகளின் மேல் ஏறியது. ஒன்றும் அசையவில்லை. அவர் மூச்சு விட்டார். முன்சில்லு கேற்றைத் தாண்டியதும் டிரைவர் பிறேக்கை மிதித்தான்.

வளவில் ஓர் ஆள் நிற்க இடம் இல்லை. பகலில் வண்டிகள் வேலைக்குப் போய்விடும் என்று இருந்தவர், அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்துவிட்டார். போகிறவை எவையும் போகவில்லை. எல்லா வண்டிகளும் அவர் கீறிய கோட்டுக்குள் மிக ஒழுங்காக நின்றன.

"டடா," பியோனா கண்ணாடியை இறக்கினாள், "கராச் நடத்துறயளா?"

கிளோட் வேனையும் வளவையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ஒரு வேனுக்காகத்தான் அவர் சபைக்குப் போனார், ஒழுங்கையின் பகையைச் சம்பாதித்தார். கண் கலங்குவது போலிருந்தது. அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"லேண்ட்மாஸ்டர்காரனைக் கூப்பிடுங்க! ஆட்டோ ஆற்ற? எடுங்க வெளிய! பிள்ளையள் வெயிலுக்க இரிக்குதுகள், தெரியல்லயா?"

நல்லரத்தினம். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கையின் நடுவில் நின்று கத்தினார். கதவுகள் திறந்தன, ஆட்கள் சாவியோடு ஓடி வந்தார்கள். வண்டிகள் வெளியேற வேண்டுமென்றால் வேன் பின்னால் போக வேண்டும். வேன் பின்னால் போக இடமில்லாமல் அதற்குள் ஒரு கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் நல்லரத்தினம் வேன் கதவைத் திறந்து ஒரு பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தார். மற்றதைப் புஸ்பம் வாங்கினாள். ஆட்டோவுக்கும் ஐஸ்கிறீம் வண்டிக்கும் இடையால் பக்கவாட்டில் நடந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். அவர் தோளில் இருந்த பிள்ளை அவர் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் தட்டித் தட்டிப் பார்த்தது. அதற்குப் பயமே இல்லை. கிளோட் தன் பேரனைத் தூக்கியது நல்லரத்தினம் தூக்கிய பிறகுதான்.

நத்தாருக்கு அடுத்த நாள் பெருமழை பிடித்தது. விடிய எழும்பிய கிளோட் பழக்கத்தில் முதலில் வளவைப் பார்த்தார். முற்றம் ஈரமாக இருந்தது, வெள்ளம் இல்லை. குடையோடு கேற்றடிக்குப் போனார். கானில் தண்ணீர் மண்ணிறமாகச் சுழித்துக்கொண்டு வாவியைப் பார்த்து ஓடியது. பக்கத்து வாசலில் நல்லரத்தினமும் குடை பிடித்துக் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் உங்கட வளவுக்க தண்ணி நிக்கல்லயே அண்ணன்" என்றார்.

"இல்ல நல்லரத்தினம். முகத்துவாரம் வெட்டிட்டாங்களோ?"

நல்லரத்தினம் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் வெட்டல்லயாம்" என்றார்.

தை மாதத்தில் இருவரும் சபைக்குப் போனார்கள். நல்லரத்தினம் மூடி போட விண்ணப்பிக்க, கிளோட் கூட இருக்க. நிதுர்ஷன் விதிகளைச் சொல்லச் சொல்ல நல்லரத்தினம் தலையாட்டினார். இரண்டு பேர் தூக்கும் துண்டுகள் என்ற இடத்தில் மட்டும், "அப்பிடியெண்டா லொறி ஏறினா தாங்குமா?" என்றார்.

"ஐயாட்ட லொறி இரிக்கா?"

"பிறகு வரலாம்தானே."

பியோனா திரும்பிப் போனாள். ஒழுங்கையில் எல்லா வாசலிலும் வளையம் வைத்த மூடிகள் வந்துவிட்டன. ஆனால் வண்டிகள் கிளோட்டின் வளவை விட்டுப் போகவில்லை. மாமர நிழல் நல்லது என்றார்கள். வண்டியை எடுக்க வருகிறவர்கள் திண்ணைக் குந்தில் கொஞ்சம் இருந்தார்கள், றீட்டா தேத்தண்ணி ஊற்றினாள், ஆட்டோக்காரரின் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கதைத்தாள்.

"எல்லாரும் மூடி போட்டாச்சு. இனி அவங்கவங்க வளவுக்க விடச் சொல்லு றீட்டா" என்றார் கிளோட் ஒருநாள்.

றீட்டா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "சபையில அதுக்கு ஏதும் சட்டம் இரிக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். சொந்த வளவுக்குள் அடுத்த வீட்டுக்காரரின் வண்டியை விடக்கூடாது என்று நிதுர்ஷன் எதுவும் சொன்னதாக ஞாபகம் வரவில்லை.

"இல்ல" என்றார்.

"அப்ப விடுங்க" என்றாள் றீட்டா. "போய் அந்த லேண்ட்மாஸ்டரைக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டச் சொல்லுங்க. புஸ்பம் வரப்போறா, ஸ்கூட்டர் எடுக்க வழியில்ல."